பிஎச்பியில் தமிழை அச்சிடும்போது எங்கே சிதைகிறது?

வலைப்பக்கங்களை உருவாக்கும் நிரல்மொழியான பிஎச்பியில் ஒரு வரியைத் திரையில் காட்ட எக்கோ (echo) என்ற கட்டளை போதும். பிரிண்டும் அதே வேலையைத்தான் செய்யும். ஆனால் ஒரே ஒரு மதிப்பைத்தான் வாங்கும், எப்போதும் 1 என்று திருப்பித் தரும். எக்கோவுக்குக் காற்புள்ளி இட்டுப் பல மதிப்புகளைக் கொடுக்கலாம். இரண்டில் எது வேகம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. தமிழ் எழுத்து உள்ளே வந்ததும்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

முதலில் கோப்பு. எடிட்டரில் யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் குறியாக்கம்) ஆக, பிஓஎம் (குறியாக்கத்தைக் காட்டும் முன்குறி) இல்லாமல் சேமியுங்கள். பிஓஎம் இருந்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டுகள் உட்கார்ந்திருக்கும். <?php என்ற தொடக்கக் குறிக்கு முன்னால் இருப்பதையெல்லாம் பிஎச்பி அப்படியே வெளியே அனுப்பிவிடும். அதன்பின் செஷன் (பயனரை நினைவில் வைக்கும் வசதி) தொடங்கினாலோ வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டாலோ, ஹெடர்கள் (பக்கத்துக்கு முன்னால் உலாவிக்குப் போகும் தகவல் வரிகள்) ஏற்கெனவே போய்விட்டன என்ற எச்சரிக்கை வரும். வெளியீடு எந்தக் கோப்பில், எந்த வரியில் தொடங்கியது என்பதை அந்த எச்சரிக்கையே சொல்லும். வரி 1 என்றிருந்தால் முதலில் பிஓஎம்மைச் சந்தேகியுங்கள். கோப்பின் கடைசியில், ?> என்ற மூடும் குறிக்குப் பின்னால் விழும் காலி வரிகளும் இதே தொல்லையைத் தரும். ஆகவே முழுக்க பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் மூடும் குறியையே விட்டுவிடுவது நல்லது. நம் கணினியில் அவுட்புட் பஃபரிங் (வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்துவைப்பது) இயங்கினால் இந்தப் பிழை வெளியே தெரியாது. சர்வரில் ஏற்றிய பிறகுதான் தலைகாட்டும்.

எழுத்து சிதைந்து வந்தால் எப்படிச் சிதைந்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். காரணம் அதிலேயே இருக்கிறது. தலையில் குறி போட்ட லத்தீன் எழுத்துகள் வரிசையாக வந்தால், பெரும்பாலும் உலாவி வேறு குறியாக்கத்தில் படிக்கிறது. கன்டென்ட் டைப் ஹெடரில் யூடிஎஃப்-8 போகிறதா என்று பாருங்கள், பிஎச்பி 5.6 முதல் அதுதான் இயல்பு, பழைய சர்வர்களில் நாமே அனுப்ப வேண்டும். வெறும் கேள்விக்குறிகள் வந்தால் தரவுத்தளத்தைக் கவனியுங்கள்: மைஎஸ்க்யூஎல் இணைப்பு, அட்டவணை இரண்டும் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழுமையான யூடிஎஃப்-8) ஆக இருக்க வேண்டும். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் மூல எழுத்து போனது போனதுதான். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், பெரும்பாலும் எழுத்து நடுவில் வெட்டப்பட்டிருக்கிறது.

அந்த வெட்டுதான் தமிழுக்கு அதிகம் நேர்வது. நீளத்தை எண்ணும் செயற்கூறுகளில், ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு ஸ்டர்லென் (strlen) 15 என்கிறது, எம்பி ஸ்டர்லென் (mb_strlen) 5 என்கிறது, கிராஃபீம் ஸ்டர்லென் (grapheme_strlen) 3 என்கிறது. முதலாவது பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. இரண்டாவது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. மூன்றாவதுதான் நாம் எண்ணுவது போல எண்ணும். முதல் இரண்டு எழுத்தை சரத்தின் (உரையின்) ஒரு பகுதியை வெட்டித் தரும் எம்பி சப்ஸ்டர் கொண்டு எடுத்தால் ‘தம’ வரும், கிராஃபீம் சப்ஸ்டர் ‘தமி’ தரும். செய்திச் சுருக்கம் காட்டும் இடத்தில் கிராஃபீம் வகையையே பயன்படுத்துங்கள். அதற்கு இன்டல் (intl) நீட்சி நிறுவியிருக்க வேண்டும்.

பயனர் தட்டச்சு செய்த எதையும், < போன்ற குறிகளை ஆபத்தில்லாத வடிவுக்கு மாற்றும் எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ் (htmlspecialchars) வழியாக அனுப்பாமல் எக்கோ செய்யக் கூடாது. பிஎச்பி 8.1க்கு முந்தைய பதிப்புகளில், இயல்பான அமைப்பில், பாதி வெட்டுப்பட்ட எழுத்து உள்ளே போனால் இந்தச் செயற்கூறு காலிச் சரத்தைத் திருப்பும். பத்தி முழுவதும் காணாமல் போகும், பிழைச் செய்தியும் வராது. அப்போது எக்கோவை விட்டுவிட்டு, சரத்தை எங்கே வெட்டினீர்கள் என்று தேடுங்கள்.