எட்டு மணி மாத்திரை

காணும் பொங்கலுக்கு மெரினா போகலாம் என்றேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் செருப்பு அலமாரியைப் பார்த்தாள். போன வருஷம் அந்தக் கூட்டத்தில் ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பியவன் நான்.

சரி, மயிலாப்பூரில் ஒரு சபாவில் நகைச்சுவை நாடகம், டிக்கெட் 200 ரூபாய் என்று போனோம். சென்னைக்கு வந்து 11 வருஷமாகியும் சபா பக்கம் ஒதுங்கியதில்லை. நாடகம் என்றால் எனக்கு ஊர்க் கோயில் கொடையில் பாய் விரித்துப் படுத்தபடி பார்ப்பதுதான். ராஜா வருவதற்குள் தூங்கிவிடுவேன்.

ஆறரைக்குப் போனால் அரங்கத்தில் ஈ காக்காய் இல்லை. ஜனமெல்லாம் கேண்டீனில். போண்டா தீர்ந்த பிறகுதான் கலைக்கு வருவார்கள் போலிருக்கிறது.

பக்கத்து இருக்கையில் மங்கி குல்லாயும் மஃப்ளருமாக ஒரு மாமா. ஏசிக்காகவாம். இமயமலைக்கே கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

"நாடகம் புதுசா?"

"ஆமாம் சார், முதல் தடவை."

"எனக்கு ஆறாவது."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரே சொன்னார். நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபா என்ற நாடகக் குழுவை ஆரம்பித்தது 1891இல். கிரேசி மோகன் கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர். அவர் நாடகத்தில் கதாநாயகி பெயர் எப்போதும் ஜானகிதான், அது அவருடைய பள்ளிக்கூட டீச்சர் பெயர். திரை விலகியபோது மாமா 1970களில் இருந்தார்.

மேடையில் ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஒரு பீரோ, ஒரு கதவு. கதவைத் தட்டினால் சுவரே ஆடியது, மாட்டியிருந்த காலண்டரும் கூடவே ஆடியது. மேலே மைக்குகள் தொங்கின. பேச வேண்டியவர் அதன் அடியில் வந்து நின்றாக வேண்டும். அதனால் திருடனும் போலீஸ்காரரும் ஒரே மைக்கின் கீழ் தோளோடு தோள் உரசி நிற்க, "இவன் எங்கே போய் ஒளிஞ்சான்?" என்று போலீஸ்காரர் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தோம். சங்கடம் என்னவென்றால், மாமாவுக்கு வசனம் மனப்பாடம். நடிகர் வாயைத் திறப்பதற்கு அரை நொடி முன்னால் அவர் சொல்லிவிடுவார். நாங்கள் மாமாவுக்கு ஒருமுறை சிரித்துவிட்டு, மேடையில் இருப்பவர் மனம் நோகக் கூடாதே என்று இன்னொரு முறையும் சிரித்தோம். 200 ரூபாய்க்கு இரண்டு சிரிப்பு.

அப்புறம் நள்ளிரவுக் காட்சி. விளக்கு மங்கலாக, திருடன் சோபாவுக்கு அடியில். வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருகிறார். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"கொக்கரக்கோ!"

என் சட்டைப்பையிலிருந்து. போனை சைலண்டில்தான் போட்டிருந்தேன். ஆனால் சைலண்டில் போட்டாலும் அலாரம் அடிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. எட்டு மணி பிபி மாத்திரைக்கு வைத்த அலாரம். சேவல் சத்தம் வைத்துக் கொடுத்தவன் என் மகன். பதறி அழுத்தியதில் பாவி சேவல் இன்னொரு தரம் கூவியது.

சோபாவுக்கு அடியிலிருந்து திருடன் தலையை நீட்டினான். "அய்யய்யோ, விடிஞ்சிடுச்சா? நான் இன்னும் பீரோவையே திறக்கலையே!"

அரங்கம் அதிர்ந்தது. மாமா எழுந்து நின்று, "விடியலப்பா! மாத்திரை அலாரம்!" என்று கத்தினார்.

திருடன் விடவில்லை. "சாப்பாட்டுக்கு முன்னாடியா சார், பின்னாடியா?"

வீட்டுக்காரர் வேஷம் போட்டவர் வசனத்தை மறந்து, முதுகைக் காட்டி நின்று குலுங்கினார். என் மனைவி அந்தப் பக்கத்து அம்மாளிடம் புடவை விலை விசாரிக்க ஆரம்பித்திருந்தாள். என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

இடைவேளையில் காபி வாங்கப் போனால், முன்பின் பார்த்தறியாத நாலு பேர், "மாத்திரை போட்டாச்சா சார்?" கேண்டீன்காரர் கேட்காமலே வெந்நீர் நீட்டினார்.

நாடகம் முடிந்து நழுவப் பார்த்தேன். வாசலில் மாமா கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன்.

"அட, நீங்க வேற! ஆறு தடவையில அந்த சீனுக்கு இப்படி ஒரு சிரிப்பு வந்ததே இல்ல." குல்லாயைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த சனிக்கிழமை தாம்பரத்துல போடறா. அவசியம் வாங்கோ. அலாரத்தை மட்டும் எட்டே காலுக்கு மாத்திடுங்கோ. அங்கதான் கொஞ்சம் தொய்வு."