குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு இருக்கிறது, லாரி வேலை கிடைக்குமா?

கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. ஆனால் லைசென்ஸ் தடைக்காலம் முடிந்த மறுநாளே கிடைத்துவிடாது, முதலில் ஏறி இறங்கும் கம்பெனியிலேயே கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் எட்டு மாதம் சட்டத்தாலோ கம்பெனிகளாலோ போனதல்ல, நான் சொன்ன பொய்யால் போனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மாட்டியது லாரியில் இல்லை, என் சொந்தக் காரில். விடுமுறை நாள், நண்பன் வீட்டு விசேஷம், பத்து நிமிட தூரம்தானே என்று சாவியை எடுத்தேன். நிறுத்தி ஊதச் சொன்னார்கள். யார் மீதும் மோதவில்லை. அது அதிர்ஷ்டம், அவ்வளவுதான். குடித்தது என் முடிவு, வண்டி எடுத்ததும் என் முடிவு. வேலை நேரத்தில் நடக்கவில்லை, லாரியும் இல்லை, அதனால் ஹெவி லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது என்று அன்று இரவு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பல பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், அது தவறு. அமெரிக்காவில் சொந்தக் காரில் குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றாலும் வணிக வாகன லைசென்ஸ் 1 வருடம் போய்விடும், ஊத மறுத்தாலும் அதே கணக்குதான். இரண்டாவது முறை என்றால் வாழ்நாள் தடை, 10 வருடம் கழித்து மாநிலம் மனது வைத்தால்தான் திரும்பக் கேட்கவே முடியும். பிரிட்டனில் குறைந்தது 12 மாதத் தடை, அந்தக் குற்றத்தின் குறியீடு லைசென்ஸ் பதிவில் 11 வருடம் நிற்கும்.

சரி, என் பொய்க்கு வருகிறேன்.

தடைக்காலம் முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். எல்லாப் படிவத்திலும் ஒரு கேள்வி இருக்கும்: லைசென்ஸ் எப்போதாவது ரத்தானதா, நிறுத்தி வைக்கப்பட்டதா? 'இல்லை' என்று டிக் செய்தேன். நேர்காணலில் நன்றாகப் பேசினேன், வண்டியை ஓட்டிக் காட்டினேன், பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னார்கள், ஒரே முயற்சியில் நிறுத்தினேன், கை குலுக்கி அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து போன். என் ஓட்டுநர் பதிவை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்த மனிதர் கோபப்படவே இல்லை. "வழக்கு பழசு, அதைப் பேசித் தீர்த்திருக்கலாம். மறைச்சதுக்குத்தான் எங்களால எடுக்க முடியல" என்றார். அப்போதும் புத்தி வரவில்லை, இன்னும் இரண்டு இடத்தில் அதையே செய்தேன், இரண்டிலும் அதேதான் நடந்தது. அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் என்னோடு பேசுவதைக் குறைத்திருந்தார்கள், நான் அவர்களிடமும் 'கம்பெனியில ஆள் தேவையில்லையாம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் மறைப்பதால் எதுவும் மறையாது. வேலைக்கு எடுக்கும்போது பதிவைப் பார்ப்பது பல இடங்களில் கம்பெனியின் சட்டக் கடமை. அமெரிக்காவில் இதற்கு மேல் இன்னொரு பதிவேடு வேறு இருக்கிறது, 2020 ஜனவரி 6 முதல் நடக்கிறது, கிளியரிங்ஹவுஸ் என்பார்கள். வேலையில் இருக்கும்போது மது அல்லது போதைச் சோதனையில் தோற்றவர்கள், சோதனைக்கு மறுத்தவர்கள் அதில் ஏறிவிடுவார்கள். ஓய்வு நாளில் சொந்தக் காரில் மாட்டிய வழக்கு அதில் ஏறாது, ஆனால் ஓட்டுநர் பதிவில் கட்டாயம் இருக்கும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. கிளியரிங்ஹவுஸில் பெயர் ஏறினால் அதற்கென்று தகுதி பெற்ற ஆலோசகர் மதிப்பிட்டு, அவர் சொல்லும் சிகிச்சையோ வகுப்போ முடித்து, மறு சோதனையில் தேறி, அதன் பிறகும் முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 முறை சொல்லாமல் கொள்ளாமல் வரும் சோதனைகளுக்கு நிற்க வேண்டும். 2024 நவம்பர் 18 முதல் அந்த நடைமுறையை முடிக்காதவர்களின் வணிக லைசென்ஸையே மாநிலங்கள் சாதாரண லைசென்ஸாக இறக்கிவிடுகின்றன. அதனால் வேலை தேடுவதற்கு முன் உங்கள் பதிவை நீங்களே ஒரு பிரதி வாங்கிப் படியுங்கள். தேதி, பிரிவு, தடை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எல்லாம் கையில் இருக்கட்டும். நான் என் பதிவை முதல் தடவை முழுசாகப் படித்தது மூன்றாவது கம்பெனி வேண்டாம் என்று சொன்ன பிறகுதான்.

எனக்குத் தாமதமாகப் புரிந்த இன்னொன்று, முடிவு எடுப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் மேனேஜர் மட்டும் இல்லை. காப்பீட்டு நிறுவனமும்தான். முதலாளிக்கு நம்மைப் பிடித்திருக்கும், டிரைவர் கிடைக்காமல் அவரும் திண்டாடிக்கொண்டிருப்பார், ஆனால் 'இந்த ஆள் ஓட்டினால் காப்பீடு கிடையாது' என்று அவர்கள் சொல்லிவிட்டால் அவர் கை கட்டப்பட்டுவிடும். அதனால் நான் போன் செய்யும்போதே கேட்க ஆரம்பித்தேன்: இப்படி ஒரு வழக்கு, தீர்ப்பு வந்து இத்தனை மாதம் ஆகிறது, உங்கள் காப்பீட்டில் எத்தனை வருடம் கடந்திருக்க வேண்டும்? சிலர் உடனே வைத்துவிட்டார்கள். சிலர் மூன்று வருடம் என்றார்கள், சிலர் ஐந்து என்றார்கள். ஒரு நோட்டில் கம்பெனி பெயரையும் அந்த வருடக் கணக்கையும் எழுதிவைத்தேன். எது இப்போது திறந்த கதவு, எது அடுத்த வருடம் திறக்கும் கதவு என்று தெரிந்ததும் மனசு கொஞ்சம் அடங்கியது. பெரிய கம்பெனிகளில் விதி எழுதிவைத்தது எழுதிவைத்ததுதான், கணினியே தள்ளிவிடும். ஐந்து, பத்து வண்டி வைத்திருப்பவர்கள் உட்காரவைத்துப் பேசினார்கள்.

காத்திருந்த காலத்தில் குடோனில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனேன். கூலி குறைவு, முதுகு போய்விடும், ஆனாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: லாரித் தொழிலை விட்டு வெளியே போகாதீர்கள். எடை எப்படிப் பரவ வேண்டும், பெல்ட் எங்கே இறுக்க வேண்டும், எந்தத் தாளில் யார் கையெழுத்து, எல்லாம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் ஒரே நேரத்துக்கு, தெளிவாக வந்து நிற்கிற ஆளாக என்னை அங்கே நாலு பேருக்குத் தெரிந்தது. கடைசியில் வேலை வாங்கித் தந்ததும் அந்த நாலு பேரில் ஒருவர், குடோன் சூப்பர்வைசர். அவர் எழுதித் தந்த அரைப் பக்கக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த வேலைக்கான நேர்காணலில் நான் பேசியதும் சுருக்கம்தான். படிவத்தில் 'ஆம்' என்று போட்டேன், அவர்கள் கேட்பதற்கு முன் நானே எடுத்தேன். "சொந்தக் காரில் குடித்துவிட்டு ஓட்டினேன், இந்தத் தேதியில் தண்டனை, தடை முடிந்துவிட்டது, குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்கான வகுப்பு முடித்த சான்றிதழ் இது, அன்றிலிருந்து குடிப்பதில்லை, எப்போது வேண்டுமானாலும் சோதனை செய்துகொள்ளுங்கள்." அவ்வளவுதான். நண்பன் கட்டாயப்படுத்தினான், போலீஸ் சரியில்லை, கருவி தப்பு, இதெல்லாம் வாயிலேயே வரக் கூடாது. எதிரே இருப்பவர் மனதில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது, இவன் இன்னும் குடிக்கிறானா என்று. சாக்கு சொல்லச் சொல்ல அந்தக் கேள்வி பெரிதாகும்.

அந்தக் கேள்விக்கு உங்கள் பதில் 'ஆமாம், ஆனால் ராத்திரி மட்டும்' என்றால் தயவுசெய்து இப்போது விண்ணப்பம் போடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். நள்ளிரவில் ரத்தத்தில் 0.15 சதவீதம் மது இருந்தால், உடம்பு மணிக்கு ஏறக்குறைய 0.015 தான் கழிக்கும். காலை 6 மணிக்கு வண்டி எடுக்கும்போது இன்னும் 0.06 மிச்சம். அமெரிக்காவில் வணிக வாகனத்துக்கு வரம்பு 0.04, இந்தியாவில் எல்லா வண்டிக்கும் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. தூங்கி எழுந்து, குளித்து, காபி குடித்து, 'நல்லாத்தான் இருக்கேன்' என்று ஏறுகிற ஆள் இரண்டு வரம்பையும் தாண்டித்தான் ஏறுகிறார். காபி தூக்கத்தைத்தான் கலைக்கும், மதுவைக் கரைக்காது, குளியலும் அப்படித்தான். பின்னால் நாற்பது டன் தள்ளிக்கொண்டு வரும்போது முன்னால் ஒரு குடும்பம் சின்னக் காரில் போய்க்கொண்டிருக்கும். இந்தக் கணக்கை நான் வகுப்பில்தான் முதல் முறையாகக் கேட்டேன். அதற்கு முன் எத்தனை காலை நான் அப்படி ஏறியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்து அன்று சாப்பிடவே முடியவில்லை.

சில வேலைகள் இன்னும் ரொம்ப நாளைக்குத் திறக்காது. எரிபொருள், ரசாயனம் ஏற்றும் டேங்கர்களுக்குப் பொதுவாக இன்னும் கடுமையாகத்தான் பார்ப்பார்கள். எல்லை தாண்டும் டிரிப்பும் கஷ்டம். கனடா 2018 டிசம்பர் 18 முதல் இந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையை 5 வருடத்திலிருந்து 10 ஆக்கியதால், வெளிநாட்டு டிரைவரின் பழைய வழக்கை எல்லையில் பெரிய குற்றமாகவே எடுத்துக்கொள்வார்கள், திருப்பி அனுப்பவும் முடியும். அந்த மாதிரி லோடுள்ள கம்பெனி என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

என்னை எடுத்தபோது போட்ட நிபந்தனை: முதல் வருடம் பகல் டிரிப் மட்டும், ஒரே நாளில் திரும்பி வரும் தூரம், கிளம்பும் முன் தினமும் ஊத வேண்டும். சம்பளமும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவு. ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். பதினோரு மாதம் முடிந்துவிட்டது, அடுத்த மாதப் பட்டியலில் இரவு டிரிப்புக்கு என் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்.