பாதயாத்திரை எடுத்துக் கொடுத்த கேம்ப் வேலை

போன வாரம் முடிவு வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மலையில் கேம்ப் நடத்தும் நிறுவனம் ஒன்றில் இன்ஸ்ட்ரக்டர் வேலை. சீசன் வரைக்கும் ஒப்பந்தம், தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் "எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ரெஸ்யூம், போன் இன்டர்வியூ, அப்புறம் களத் தேர்வு என்ற வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். களத்தில் ஓடி ஜெயிக்கக்கூடியவர்கள்கூட ரெஸ்யூமிலேயே நின்றுபோகிறார்கள். "குழுவாகச் செயல்படும் திறன், தலைமைப் பண்பு" என்ற வரி இல்லாத ரெஸ்யூம் ஊரில் உண்டா? அதை யார் படிப்பார்கள்?

என்னைக் கூப்பிட வைத்தது ஒரே விஷயம், பழனி பாதயாத்திரை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். அதில் தொண்டு செய்வதை யாரும் வேலை அனுபவம் என்று நினைப்பதில்லை. நான் அதைத்தான் முதல் அனுபவமாகப் போட்டேன். சும்மா 'தன்னார்வலர்' என்று போடவில்லை. இருட்டில் நடக்கும்போது குழுவின் கடைசி ஆளாக வந்து தலை எண்ணியது, கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டது, தண்ணீர் வண்டியை அடுத்த தங்கலுக்கு முன்கூட்டியே அனுப்பியது, மயங்கி உட்கார்ந்த பெரியவரை வண்டியேற்றியது என்று செய்த வேலையை எழுதினேன். போன் இன்டர்வியூவில் பாதி நேரம் இதைப் பற்றித்தான் பேச்சு. "நடக்கவே மாட்டேன் என்று ஒருவர் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல நான் எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

பாதயாத்திரை போகாதவர்களும் தேடினால் ஏதாவது கிடைக்கும். என்.சி.சி. முகாம், மஞ்சுவிரட்டில் முதலுதவிக் குழு. வேட்டங்குடிக் கண்மாயில் பருவத்துக்குப் பறவை பார்த்து, பறவைப் பதிவுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பட்டியல் ஏற்றியிருந்தால் அதுவும் சான்றுதான். நத்தைகுத்தி நாரையை அடையாளம் சொல்லத் தெரிந்தவர் இயற்கை முகாமுக்கு வேண்டும். அங்கே கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்ற கதை போதும், பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

ரெஸ்யூமின் மேல் பாதியில் இருக்க வேண்டியவை:

- முதலுதவி, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு) சான்றிதழ். எடுத்த தேதியோடு காலாவதித் தேதியும்.
- நீச்சல். 'தெரியும்' என்றால் போதாது, எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். ஊருணியில் பழகியதானாலும் பரவாயில்லை.
- எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வர முடியும்.
- மொழிகள், ஓட்டுநர் உரிமம்.

அப்பா பெயர், திருமண நிலை, 'மேற்கண்டவை யாவும் உண்மை' எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள். ஒரே பக்கம்.

எங்கே தேடுவது? 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலைப்பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியதும் பலர் அங்கே ஓடினார்கள். அதில் வழிகாட்டிகள் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்களும் ஊர்க்காரர்களும்தான், அதுதான் நியாயமும். தண்ணீர்ப் பக்கம் ஆசையிருந்தால் தொண்டியைத் தாண்டிக் காரங்காடு போய், சதுப்புநிலக் காட்டுக்குள் எப்படிப் படகு விடுகிறார்கள் என்று ஒரு நாள் பாருங்கள். அப்புறம் கோவாவிலுள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தின் உயிர்காப்புப் பயிற்சியைப் பற்றி யோசிக்கலாம். மலைதான் என்றால் உத்தரகாசி, டார்ஜிலிங் மலையேற்ற நிறுவனங்களின் அடிப்படைப் பயிற்சி. உத்தரகாசியில் 28 நாள். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே பதியுங்கள். 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலை மலையேற்றப் பயிற்சிக்கு விடுவார்கள்.

நம்மூர் பாரம்பரிய விடுதிகளில் சைக்கிள் சுற்றுலா வேலையும் உண்டு. ஒரு இடத்தில் நான் கேட்டுப் போனபோது, சைக்கிளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஆங்கிலம் மட்டும்தான். கானாடுகாத்தான் சந்துகளில் பஞ்சர் ஒட்டிக் கொடுக்கப் போவது இலக்கணமா? சரி, விடுங்கள்.

களத் தேர்வில் வந்தவை: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குள் இருந்தால் உள்ளே போ, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திரு. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறினால் முதலில் உடம்பைக் குளிர்வி. கயிற்றில் '8' வடிவ முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னார்கள்.

பெண் பிள்ளைகள் தயங்க வேண்டாம். மாணவிகள் வரும் கேம்ப்புக்குப் பெண் இன்ஸ்ட்ரக்டரைத் தேடி அலைகிறார்கள்.

ரெஸ்யூமைச் சீசன் தொடங்கியபின் அனுப்பாதீர்கள், இரண்டு மூன்று மாதம் முன்பே போக வேண்டும். வேலை உறுதியானதும், நடுவில் கால் உடைந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்று கேளுங்கள். நான் கேட்டபோது கொஞ்சம் முகம் சுளித்தார்கள். ஆனாலும் காப்பீட்டைக் கடிதத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.