தென்னந்தோப்பு வரவேற்புக்கு ஒரு ஐரிஸ் சென்ட்

ஐரிஸ் சென்ட்டில் ஐரிஸ் பூ கிடையாது. டப்பாவில் ஊதாப் பூ இருப்பதால் பூவைத்தான் வடித்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். மணம் இருப்பதோ மண்ணுக்கடியில், கிழங்கில். இத்தாலியின் டஸ்கனி பக்கம் ஐரிஸ் பல்லிடாவை நட்டு, ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்துத் தோண்டி, தோல் சீவி, சுக்குக்குக் காயப்போடுவதுபோலக் காயவைக்கிறார்கள். அப்போதும் பெரிதாக மணக்காது. இன்னும் மூன்று வருஷமாவது மூட்டையில் கிடந்தால்தான் கிழங்குக்குள் இருக்கும் இரிடால் என்ற பொருள்களில் ஆக்சிஜன் மெல்ல ஏறி, ஐரிஸ் மணத்தைத் தரும் ஐரோன் உண்டாகும். பிறகு பொடித்து நீராவியில் வடித்தால், கையில் கிடைப்பது வெண்ணெய்போல உறைந்த ஒரு கட்டி. அதில் பெரும்பங்கு மிரிஸ்டிக் அமிலம். அதற்கு மணம் இல்லையென்றே சொல்லலாம். ஐரோன் 8 சதவீதம், 15 சதவீதம் என்று தரம் பிரித்துத்தான் இந்த ஓரிஸ் பட்டர் (காய்ந்த ஐரிஸ் கிழங்குக்கு ஓரிஸ் என்று பெயர்) விலைக்கு வரும். ஆறு வருஷக் காத்திருப்பும் அந்த விலையில் சேர்ந்திருக்கும்.

மலிவு வழிக்கு நம்ம பக்கத்துப் புல்தைலமும் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) ஒரு கை கொடுத்திருக்கிறது. 1893-ல் டீமன், க்ரூகர் என்ற ஜெர்மானியர் இருவர் ஓரிஸ் மணத்தை ஆராயப் போய், எலுமிச்சை மணமுள்ள சிட்ராலிலிருந்து, ஓரிஸை ஒத்த மணமுள்ள அயனோனைச் செய்தார்கள். கேரள மலைகளில் காய்ச்சும் புல்தைலத்தில் முக்கால் பங்கு சிட்ரால்தான். இன்று சென்ட்காரர்கள் அதிகம் எடுப்பது அயனோனின் தம்பியான ஆல்ஃபா ஐசோமெத்தில் அயனோன். அணுக்கணக்கில் அதுவும் ஐரோனும் ஒன்றே, அடுக்கு மட்டும் வேறு. பவுடர் டப்பாவைத் திறந்ததும் வருமே, அந்த வாசனையின் முதுகெலும்பு இந்த அயனோன் குடும்பம்தான்.

நாகர்கோவில் பக்கம் மாலை வரவேற்பைத் தோப்பிலோ புல்வெளியிலோ வைத்தால் ஐரிஸுக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் காற்று. இன்னொன்று தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வந்திறங்கும் பிச்சியும் மல்லியும். ஐரிஸ் தாழ்ந்த குரலில் பேசும் மணம். அதைக் கூட்டினால் கேட்கும் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். அந்த வேலைக்கு லேசான மல்லிகை மணமுள்ள ஹெடியோனும், கஸ்தூரி மணமுள்ள மஸ்க்கும்.

ஆல்கஹால் சேர்க்காத 10 கிராம் சாரத்துக்கு என் அளவு: ஹெடியோன் 3 கிராம், ஆல்ஃபா ஐசோமெத்தில் அயனோன் 2.5, கேலக்ஸோலைட் மஸ்க் 1.2, பெர்கமோட் எண்ணெய் 1, சிடார் 0.8, ஐரோன் 10 சதவீதக் கரைசல் 0.6, சந்தன எண்ணெய் 0.6, வெட்டிவேர் எண்ணெய் 0.15, குண்டுமல்லி அப்சொல்யூட் (பூவிலிருந்து கரைப்பான் வழியே எடுத்த சாறு) 0.1, கேரட் விதை எண்ணெய் 0.05. பெர்கமோட் என்ற எலுமிச்சை வகை எண்ணெயில், வெயிலோடு சேர்ந்து தோலைத் தாக்கும் பெர்கப்டெனை நீக்கியதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் வெயில் பட்ட தோல் கருத்துப் புண்ணாகும். 0.01 கிராம் காட்டும் தராசு கட்டாயம். சொட்டுக் கணக்கு இங்கே உதவாது, ஏனென்றால் வெட்டிவேர்ச் சொட்டும் பெர்கமோட் சொட்டும் ஒரே எடை இல்லை.

கேரட் விதைதான் கிழங்கின் மண்வாசனையைக் கொண்டுவருகிறது. 0.05 என்பது 0.2 ஆனால் காய்கறிக் கூடை. மல்லி இரட்டித்தால் ஐரிஸ் காணாமல் போய்ப் பூச்சந்தை மட்டும் மிஞ்சும். ஐரோன் கரைசலுக்குப் பதில் ஓரிஸ் பட்டர் போடுகிறவர்கள் பாட்டிலை வெந்நீரில் வைத்து முழுக்க உருக்கிக் கலக்கி, அப்புறம் எடுக்க வேண்டும். மேலாகச் சுரண்டினால் ஒவ்வொரு தடவையும் அளவு மாறும்.

சாரத்தை இரண்டு வாரம் இருட்டில் வைத்து, 45 கிராம் சென்ட் ஆல்கஹாலில் கலந்தால் 18 சதவீதம் வரும். மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம், அதன் நெடி போகவே போகாது. நாலு வாரம் ஊறியபின் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து, குளிர் ஆறும் முன்னே காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். பட்டர் போட்டிருந்தால் வெள்ளைப் பொடிபோலப் படிவது மிரிஸ்டிக் அமிலம். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் சேர்த்தால் பாலாகிவிடும்.

முகர்ந்து பார்ப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அயனோன் மூக்கைச் சீக்கிரம் மரக்க வைக்கும். இரண்டு முகர்தலில் மணமே இல்லாததுபோல் தோன்றும்; உடனே இன்னும் ஒரு கிராம் ஊற்றுவார்கள்; பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி. போதாததற்கு, பீட்டா அயனோன் பிறவியிலேயே சரியாகத் தெரியாத மூக்குகளும் உண்டு. ஆகவே தாள்பட்டையில் தெளித்து, அரை மணி கழித்து, இன்னும் இரண்டு பேர் கையில் கொடுங்கள். தீர்ப்பு அவர்களுடையது.

போடும்போது பட்டுப்புடவையிலும் வெள்ளை வேட்டியிலும் நேராக அடிக்கக் கூடாது. மல்லி அப்சொல்யூட்டும் வெட்டிவேரும் மஞ்சள் கறை போடும். குளித்துத் துவட்டி, உடுத்துவதற்குக் கால் மணி முன்னால் பிடரியில் இரண்டு தெளிப்பு, முழங்கை மடிப்பில் ஒவ்வொன்று. தலையில் பிச்சி வைக்கிறவர்கள் பிடரியை விட்டுவிட்டு மணிக்கட்டுக்குப் போகலாம். பாட்டில் பீரோவுக்குள்ளே இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் போட்டால் முதலில் போவது பெர்கமோட்.