அண்டி ஆபீஸ் கை

மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் கல்யாண வீடுகளில் யார் யார் அண்டி ஆபீஸுக்கு (முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனிக்கு) போகிறவர்கள் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். விரல் நுனி கறுத்து, நக ஓரம் வெடித்திருக்கும். எங்க அம்மாவும் போட்டோ எடுக்கும்போது கையைச் சேலை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

அது அழுக்கு இல்லை. கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் என்று சில சாமான்கள் உண்டு, தொலியில் (தோலில்) பட்டால் பொள்ளும். வறுத்த பிறகும் ஓட்டில் மிச்சம் இருக்கும். கொட்டையைத் தல்லி உடைக்கும்போது விரலில் ஏறும். மாமரமும் சேங்கொட்டையும் இதே குடும்பம். மாங்காய்ப் பால் தெறித்து சின்னப் பிள்ளைகள் வாய் ஓரம் புண்ணாகுமே, அதுவும் இந்தச் சொந்தக்காரர்கள் வேலைதான். பிரேக் லைனிங்குக்கும் பெயின்டுக்கும் வாங்கிப்போகிற எண்ணெயை இவர்கள் வெறுங்கையால் தொடுகிறார்கள். அம்மாவிடம் கையுறை போடச் சொன்னால், "அதப் போட்டா விரலு ஓடாது மக்களே, எடைக்குல்லா கூலி" என்பாள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

எனக்குச் சண்டை வேலைக்குப் பிறகு நடக்கிறதைப் பற்றித்தான். கறை போகணும் என்று துணி சோப்பு, சாம்பல், தேங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்ப்பார்கள். தொலியின் மேல்பக்கம் இருப்பது செத்த செல்கள்; ஓலை மேய்ந்த கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் கொழுப்பு. உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல், வெளியே இருக்கிறதை உள்ளே விடாமல் காப்பது அதுதான். தொலிக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு, பிஎச் 5 பக்கம். கட்டிச் சோப்பு 9, 10 என்று காரத்தில் நிற்கும். ஈரத்தில் கரைந்த சாம்பலும் காரம்தான். தேய்க்கத் தேய்க்கக் கொழுப்பு போய்விடும், மறுநாள் கொட்டை எண்ணெய் இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். மேல்தொலி உதிர்ந்து புதுசாக ஏறக்குறைய 4 வாரம் ஆகும். அது உதிர்ந்தால்தான் கறையும் போகும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்காக அது அவசரப்படாது.

இப்போது வீட்டில் வழக்கம் இதுதான். வேலைக்கு முன்னால் கையில் தேங்காய் எண்ணெய். வந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிப் பழந்துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பு, அதுவும் குளிக்கிற சோப்பு கொஞ்சமாக. விரலிடுக்கு நன்றாகக் காயணும். நம்ம ஊர் மழைக்கு அங்கேதான் சேற்றுப்புண் பிடிக்கும். ராத்திரி பெட்ரோலியம் ஜெல்லி.

அரிப்புக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற டியூப் மட்டும் வேண்டவே வேண்டாம். பலதிலும் ஸ்டீராய்டு இருக்கும். ரெண்டு நாளில் அரிப்பு அடங்கும், தொடர்ந்து போட்டால் தொலி மெலியும். படர்தாமரை என்றால் மேலே தணிந்த மாதிரி காட்டிவிட்டு சுற்றிப் பரவும். 2018-லேயே இந்த வகைக் கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள், அது வேற கதை. வெடிப்பில் நீர் வடிந்தாலோ வட்டமாகத் தடித்தாலோ ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு பஸ் ஏறுங்கள்.

அம்மாவுக்கு ஜெல்லி மேல் ஒரே ஒரு குறை. டிவி ரிமோட் வழுக்குகிறதாம்.