தாயத்து கட்டியவர் கிறிஸ்தவரா?

அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில்தானா என்பதில்தான் சந்தேகம்.

பிராங்க்பர்ட் தொல்லியல் அருங்காட்சியகத்தில் வழிகாட்டியான நான், அந்த வெள்ளித் தாயத்து முன் எந்தத் தமிழ்க் குழு நின்றாலும் ஒரே கதையைத்தான் சொல்வேன். 3.5 சென்டிமீட்டர். 2018இல், நிடா என்ற ரோமானிய ஊரின் இடுகாட்டைத் தோண்டியபோது ஓர் ஆணின் தாடைக்குக் கீழே கிடைத்தது. அவருக்கு வயது 35இலிருந்து 45க்குள். உள்ளே சுருட்டி வைத்த வெள்ளித் தகடு. கையால் பிரித்தால் நொறுங்கிவிடும். அதனால் 2024இல் மைன்ஸ் நகரத்தில் சிடி ஸ்கேன் எடுத்து, கணினியிலேயே விரித்து, 18 வரி இலத்தீனைப் படித்தார்கள். கல்லறை கி.பி. 230க்கும் 270க்கும் இடைப்பட்டது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே கிறிஸ்தவத்துக்குக் கிடைத்த மிகப் பழைய தொல்பொருள் சான்று இதுதான்.

கடைசி வரிகள் பைபிளின் பிலிப்பியர் நிருபத்திலிருந்து வந்தவை என்றதும், திருநெல்வேலிப் பக்கத்து சபை மூப்பரான அந்தப் பெரியவர் "வானோர் பூதலத்தோர் பூமியின் கீழானோர்" என்று தானே தொடர்ந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முதல் வரிகளுக்கு வந்தேன். பரிசுத்த தீத்துவின் நாமத்தில் என்று அது தொடங்குகிறது. தீத்து, பவுலின் உடன் ஊழியர். அவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, தாயத்து கட்டினவங்களுக்கு எங்க சபையில திருவிருந்து கிடையாது. அதுலயும் ஒரு மனுஷனான தீத்து பேரைச் சொல்லி! இவரைப் போய் முதல் கிறிஸ்தவர்ங்கிறீங்களே?"

முதல் கிறிஸ்தவர் என்று நான் சொல்லவே இல்லை. லியோன் நகரத்து ஆயர் இரேனேயுஸ் 2ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியப் பகுதிச் சபைகளைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அந்த நேரத்தில் அதையா விளக்கிக்கொண்டிருப்பது? "ஐயா, அது தேசியஸ், வலேரியன்ங்கிற ரோமப் பேரரசர்கள் காலம். கிறிஸ்தவன்னு தெரிஞ்சா உயிருக்கே ஆபத்து. அப்படியும் கழுத்துல போட்டுக்கிட்டுப் புதைக்கப்பட்டிருக்கார்" என்றேன். குழுவில் நாலைந்து பேர் "ஆமா ஆமா" என்றார்கள். பெரியவர் பேசவில்லை. அவர் மனைவிதான், "பாவம், என்ன பயமோ அவருக்கு" என்றார்.

என் பதிலில் பிசகு எதுவும் இல்லை. தேசியஸ் ஆட்சி 249 முதல் 251 வரை. வலேரியனின் ஒடுக்குமுறை 257இல் தொடங்கியது. இரண்டும் அந்த நாற்பது வருட இடைவெளிக்குள் வருகின்றன. ஆனால் தாயத்து கட்டியவர் அதற்கு முன்பே இறந்திருந்தால்? மேலும், ஆபத்து இருந்தது என்றால் ஏன் மறைத்தார் என்பது விளங்கும். ஏன் கட்டினார் என்பது விளங்காது. பெரியவர் கேட்டது அதைத்தான். நான் தாயத்து கட்டியவரை வீரராக்கிக் காட்டி, பெரியவரை வாயடைத்துவிட்டேன் போலிருக்கிறது. வழிகாட்டிக்கு அடுத்த அறைக்குப் போக வேண்டிய அவசரம் எப்போதும் இருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் படித்துப் பார்த்தால் வரலாறு பெரியவர் பக்கமும் நிற்கிறது. 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள லவோதிக்கேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம், குருமார் தாயத்து செய்யக்கூடாது, அணிகிறவர்களைச் சபையிலிருந்து நீக்க வேண்டும் என்றே விதித்தது. விதி போட வேண்டியிருந்தது என்றால் ஏராளமானோர் கட்டியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இப்படியும் வாதாடலாம். இதையே அங்கு சொல்லியிருந்தால், "பார்த்தீங்களா, நீக்கச் சொன்னாங்க" என்று பெரியவர் ஜெயித்திருப்பார். அதுவும் நியாயம்தான்.

இத்தனைக்கும் மற்ற தாயத்துகளில் வேறு தெய்வப் பெயர்களும் கலந்து வருவது வழக்கம். இதில் அப்படி எதுவுமே இல்லை என்பதுதான் ஆய்வாளர்களுக்கு ஆச்சரியம். அவர்களுக்குச் சுத்தமாகத் தெரிவது மூப்பருக்குக் கலப்படமாகத் தெரிகிறது. அந்தத் தகட்டிலேயே, தன்னை இயேசு கிறிஸ்துவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தவரைக் காக்கும் என்று இருக்கிறது. அந்த அம்மா கேட்ட பயத்துக்கு அதில்தான் ஏதோ பதில் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்து வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து ஒரு குழு வருகிறது. பாதிப் பேர் கழுத்தில் உத்தரியம் (கத்தோலிக்கர் பக்திக்காக அணியும் சிறு துணி) இருக்கும், இந்தக் கேள்வியே எழாது. எழாவிட்டால் நானாக எடுத்துப் போடுவேனா என்று தெரியவில்லை. தேசியஸ் கதையை மட்டும் விடமாட்டேன், அது நன்றாக எடுபடுகிறது.