பிளெண்டரில் ஒரு ஏ.ஆர். பிஸ்டல்: பாதி வழியில்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், கேமில் வருகிற மாதிரி ஒரு மாடல் செய்யலாம் என்று இறங்கியபோது ஏ.ஆர். பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தேன். ஏ.ஆர்.-15 ரைபிளின் குட்டை வடிவம் இது. அதே ரிசீவர் (இயங்கும் பாகங்கள் இருக்கும் நடு உடல்), அதே மேகசின் (தோட்டாப் பெட்டி). குழல் மட்டும் 10.5 அங்குலம், தோளில் வைக்கும் கட்டை கிடையாது.

முதலில் மேல் ரயில், அதாவது குறிபார்க்கும் கருவிகளை மாட்டும் பல்பல்லான பட்டை. பிக்கட்டினி என்ற இந்த வகை ரயிலைக் கண் அளவில் போட்டால் பொம்மைத்தனம் உடனே தெரிந்துவிடும். அமெரிக்க ராணுவத் தர அளவு இருக்கும்போது ஊகம் எதற்கு? பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. ஒரே ஒரு பல்லைச் செய்து, அதையே வரிசையாகப் பிரதியெடுக்கும் அர்ரே மாடிஃபயரில் 10.01 கொடுத்தேன், முழு ரயிலும் வந்துவிட்டது. ரெஃபரன்ஸ் படங்களில் மற்ற பாகங்களை அளக்கவும் இதுவே அளவுகோல்.

சிக்கல் பின்பக்கத்தில்தான். கட்டைதான் இல்லையே, ரிசீவரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் வழக்கமான ஏ.ஆர். பிஸ்டலில் பின்னால் ஏறக்குறைய 18 செ.மீ. நீளத்துக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் காரணம், குழலின் பின்வாயை அடைத்துத் திறக்கும் போல்ட்டை அனிமேட் செய்தபோது கண்ணெதிரே புரிந்தது. சுட்டதும் குழலிலிருந்து பிரியும் வாயு மெல்லிய குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து போல்ட் கேரியரைத் (போல்ட்டைச் சுமக்கும் பாகம்) தள்ளுகிறது. கேரியர் பின்வாங்க ரிசீவருக்குள் இடம் போதாது; பின்னால் நீளும் அந்தக் குழாய்க்குள், அதாவது பஃபர் டியூபுக்குள், நுழைந்துதான் நிற்க வேண்டும். திருப்பி அனுப்பும் ஸ்பிரிங்கும் அங்கேதான் இருக்கிறது. 1950-களில் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைப்பாளர் யூஜின் ஸ்டோனர் வைத்த ஏற்பாடு இது. குழலுக்கு நேர்கோட்டில் பின்விசை வரட்டும் என்று செய்தார். அதனால் முனை அதிகம் எகிறாது. ஆனால் கண் மேலே இருக்கிறதே? அதற்காகத்தான் குறிபார்க்கும் கருவி குழலின் மையத்திலிருந்து சுமார் இரண்டரை அங்குலம் உயரத்தில் உட்கார்கிறது. ரெட் டாட்டை (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) தாழ்த்தி வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் மாடல் பொய்யாகிவிடும்.

ருமேனியாவின் டிராக்கோவைப் பாருங்கள், ஏ.கே. வகை பிஸ்டல். அதில் ஸ்பிரிங் ரிசீவர் மூடிக்குள்ளேயே இருப்பதால் பின்பக்கம் மொட்டையாக முடிகிறது. சிக் சாயர் நிறுவனத்தின் ராட்லர் துப்பாக்கியிலும் அப்படியே. ஸ்பிரிங்குகள் போல்ட்டுக்கு மேலே போய்விட்டன, குழல் 5.5 அங்குலம்தான். குட்டைத் துப்பாக்கியாக உண்மையிலேயே யோசிக்கப்பட்டவை இவைதான் என்பது என் கட்சி. ஏ.ஆர். பிஸ்டலை முன்னால்தான் வெட்ட முடியும்.

முன்னால் வெட்டுவதற்கும் விலை உண்டு. ஏ.ஆர்.-15 சுடும் 5.56 மி.மீ. தோட்டாவும் அந்த ரைபிளும் 20 அங்குலக் குழலுக்காகவே வளர்ந்தவை. குழல் குறுகக் குறுக, மருந்து எரிந்து முடிவதற்குள் தோட்டா வெளியேறிவிடுகிறது. வேகம் குறையும், நெருப்பும் சத்தமும் கூடும். இதே ரைபிளின் குட்டை வடிவமான, வியட்நாம் போர்க்காலக் கோல்ட் கமாண்டோவில் 10 அங்குலக் குழலைப் பிறகு 11.5 ஆக்க வேண்டி வந்தது. குட்டைக் குழலுக்கென்றே வந்த .300 பிளாக்கவுட் என்ற தோட்டாவை 2011-ல் அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு ஏற்றது. மாடலுக்கு இதனால் ஒரு வேலை: முனையில் வெடிக்கும் தீப்பிழம்பை ரைபிளுக்குப் போடுவதைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

அடுத்தது பிரேஸ், பின்னால் நீளும் குழாயில் மாட்டும் கைத்தாங்கி. இதன் வடிவம் புரிய அமெரிக்கச் சட்டம் கொஞ்சம் தெரிய வேண்டும். தோள்கட்டையோடு 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் இருந்தால் அது 1934-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டிய குட்டை ரைபிள். கட்டை இல்லாவிட்டால் பிஸ்டல். ஊனமுற்ற முன்னாள் வீரர் ஒருவர் ஒரு கையால் சுடுவதற்கென்று முன்கையில் பட்டையால் கட்டும் பிரேஸ் 2012 வாக்கில் வந்தது. நிறைய பேர் அதைத் தோளில் வைத்துச் சுட, 2023-ல் அரசு கட்டுப்பாட்டு விதி கொண்டுவந்தது. 2024-ல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாடலில் பட்டை போகும் பிளவையும் ரப்பர் வளைவையும் செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. பரப்பை வழவழப்பாக்கும் சப்டிவிஷன் போட்டாலே விளிம்பு குழைந்துவிடுகிறது. விளிம்பை ஒட்டி இரண்டு லூப் (சுற்றி வரும் கோட்டு வரிசை) சேர்த்த பிறகு சரி ஆனது.

இப்போது மெஷ் (மாடலின் வடிவ வலை) முடிந்து, டெக்ஸ்சர் ஒட்டுவதற்காக அதைத் தட்டையாக விரிக்கும் யு.வி. பிரித்துக்கொண்டிருக்கிறேன். அலுமினிய ரிசீவருக்கு மங்கலான கருஞ்சாம்பல், ஸ்டீல் குழலுக்கு அதைவிட ஒரு படி கருப்பு என்று டெக்ஸ்சர் யோசனை. தேய்மானத்தை ரிசீவர் முழுக்கப் பூசாமல், மேகசின் நுழையும் வாயிலும் போல்ட்டைக் கையால் பின்னிழுக்கும் சார்ஜிங் ஹேண்டில் ஓரத்திலும் மட்டும் காட்டப்போகிறேன்.